எழுபத்தேழு யாரு?

1

"அங்கிள், எழுபத்தேழு யாரு?" என்று கேட்டாள் நிவேதா.

'எழுபத்தேழு எது' என்று கேட்கவில்லை, 'யாரு' என்றுதான் கேட்டாள். அப்படிக் கேட்கப் பழக்கியவன் நான்தான். காரணத்தைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். ஊரில் உட்கார்ந்து இதைப் படிக்கிற உங்களுக்கு, நாங்கள் என்ன வேலையில் இருந்தோம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

'சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் வேலை' என்றதும் கண்ணாடிக் கட்டடம், இருபதாவது மாடி, கழுத்தில் தொங்கும் அட்டை என்று நினைப்பீர்கள். கழுத்தில் அட்டை இருக்கிறது. மற்றபடி நான் வேலை பார்ப்பது ஒரு அரிசிக் கிடங்குக்கு மேலே. அரிசி, பருப்பு, எண்ணெய், மசாலா எல்லாம் கப்பலில் வரவழைத்து, தீவு முழுக்க இருக்கிற நம் மளிகைக் கடைகளுக்கு லாரியில் அனுப்பும் மொத்த வியாபாரக் கம்பெனி. படி ஏறும்போதே மல்லித்தூள் வாசனை சட்டையில் ஒட்டிக்கொள்ளும். என் மனைவி, நான் வீட்டுக் கதவைத் திறப்பதற்கு முன்பே, "இன்னிக்கு மல்லி லோடு போல" என்பாள்.

அறையின் மூலையில் ஒரு சின்ன பீரோ அளவில் நிற்கிறது எங்கள் கணினி. வங்கிகள் வைத்திருக்கும் ராட்சத இயந்திரமும் இல்லை, மேசைமேல் வைக்கிற பெட்டியும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், வியாபாரத்துக்கென்றே செய்த நடுத்தர வகை. செய்தவர்கள் அதற்கு எத்தனையோ முறை பெயர் மாற்றிவிட்டார்கள். நாங்கள் அன்று போலவே, முதல் பெயரில் இருந்த எண்ணைச் சொல்லி, 'நானூறு' என்றுதான் கூப்பிடுகிறோம். பெட்டியும் சில முறை மாறிவிட்டது. உள்ளே ஓடுகிற ப்ரோக்ராம்கள் மட்டும் நாங்கள் அந்தக் காலத்தில் எழுதியவை.

அவற்றைத்தான் இப்போது மாற்றிக்கொண்டிருக்கிறோம். பழைய நடையில் எழுதிய சோர்ஸ், அதாவது மூல வரிகள், முழுவதையும் புதிய நடைக்குக் கொண்டுவர வேண்டும். நிர்வாகம் இரண்டு நிபந்தனை வைத்தது. பழைய ப்ரோக்ராம் அச்சடிக்கிற அதே காகிதத்தைப் புதியதும் ஒரு எழுத்து பிசகாமல் அச்சடிக்க வேண்டும். விளக்கம் சொல்ல முடியாத எதுவும் புதியதில் இருக்கக் கூடாது. மாத இறுதிக்குள் இது நடக்காவிட்டால் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, ஆயத்தமாக விற்கிற மென்பொருள் ஒன்றை வாங்கி மாட்டிவிடுவார்கள். விற்பனைக்காரர்கள் ஏற்கெனவே ஒருமுறை வந்து படம் காட்டிவிட்டும் போனார்கள்.

பழைய ப்ரோக்ராமில் இருந்த எழுபத்தேழு என்கிற எண் அந்த இரண்டு நிபந்தனைகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. வெட்டி எடுத்தால் ஒரு கடைக்குப் போகிற காகிதம் மாறிவிடுகிறது. விட்டுவைத்தால் அது எதற்கு என்று சொல்ல ஆள் இல்லை.

கல்லூரி முடித்துப் புதிதாகச் சேர்ந்த நிவேதாவுக்கு இது முதல் பெரிய வேலை. எனக்கு அநேகமாகக் கடைசி. நான் இந்த ஊரில் வந்து இறங்கிய மாதமும் இதுவேதான் என்பது அவள் கேட்ட அன்று மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைக் கழுவும்போதுதான் ஞாபகம் வந்தது.

2

எங்கள் பழைய ப்ரோக்ராம் மொழியில் ஒவ்வொரு எழுத்துக்கும் அதனதன் கட்டம் உண்டு. ஆறாவது கட்டத்தில் என்ன எழுத்து இருக்கிறதோ அதை வைத்துத்தான் அந்த வரி கோப்பைப் பற்றியதா, கணக்கைப் பற்றியதா என்று இயந்திரம் புரிந்துகொள்ளும். ஒரு கட்டம் தள்ளி அடித்துவிட்டால் அர்த்தமே மாறிவிடும். காகிதத்தில் அச்சடித்து, மேலே பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்துக் கட்டம் எண்ணிப் பார்ப்போம். நான் எந்தக் கல்லூரியிலும் இதைப் படித்தவன் இல்லை. திருச்சியில் ஒரு கம்பெனியில் விவரம் தட்டுகிற வேலைக்குச் சேர்ந்து, குப்பைக்குப் போக இருந்த அச்சுத் தாள்களை வீட்டுக்கு எடுத்துவந்து, தரையில் விரித்துப் படித்தே கற்றுக்கொண்டேன்.

அந்த மொழியில் 'ஆமா, இல்ல' என்று சொல்வதற்குப் பெயர் கிடையாது, எண்தான் உண்டு. ஒன்றிலிருந்து தொண்ணூற்றொன்பது வரை வரிசையாக விளக்கு சுவிட்சுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு தீர்ந்துவிட்டதா, முப்பத்தொன்றைப் போடு. வாடிக்கையாளர் எண் தப்பா, ஐம்பத்தைந்தைப் போடு. யார் எந்த எண்ணை எதற்கு வைத்தார்கள் என்பது எழுதியவருக்குத்தான் வெளிச்சம்.

நாங்கள் மூன்று பேர் ஒரே அறையில் எழுதினோம். பத்மாக்கா யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். அவர்கள் வீட்டில் எல்லோரும் அரசாங்கக் கிளார்க்குகள். இவர் மட்டும் எங்கள் கணக்குப் பிரிவிலிருந்து கம்ப்யூட்டருக்குத் தாவியவர். சாதிக் பாயின் பாட்டனார் நாகூரிலிருந்து கப்பலில் வந்து இங்கே துணி விற்றவர்; பாய் இங்குள்ள தமிழர் கடைத்தெருவான தேக்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். மூன்றாவது ஆள், அட்டைப் பெட்டியில் ஊறுகாயோடு வந்து இறங்கிய நான்.

முதல் மாதமே என் எண்ணும் சாதிக் பாயின் எண்ணும் மோதி, ஒரு கடைக்கு உளுந்து போக வேண்டிய இடத்தில் உப்பு போய்விட்டது. பத்மாக்கா எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பாகப்பிரிவினை செய்தார்.

"இஞ்ச பாரும் தம்பி, முப்பதும் நாப்பதும் உமக்கு. அம்பதும் அறுபதும் எனக்கு. எழுபதும் எம்பதும் சாதிக்குக்கு. ஒருத்தற்றை வளவுக்குள்ள மற்றவர் கால் வைக்கக் கூடாது, சொல்லிப்போட்டன்."

"தொண்ணூறு யாருக்கு அக்கா?" என்றார் சாதிக் பாய்.

"அது சண்டை வந்தால் பாவிக்கிறதுக்கு."

அன்றிலிருந்து ஒரு வரியைப் பார்த்ததும் அதை யார் எழுதியது என்று எனக்குத் தெரிந்துவிடும். முப்பத்தெட்டைப் பார்த்தால் என் இளவயது அவசரம். அறுபத்திரண்டு என்றால் பத்மாக்காவின் நிதானம், பக்கத்திலேயே சுத்தமான ஆங்கிலத்தில் ஒரு குறிப்பும் இருக்கும். எழுபத்திரண்டு சாதிக் பாயின் செல்லப்பிள்ளை: 'தாள் நிரம்பிவிட்டது, அடுத்த தாளுக்குப் போ' என்பதற்கு அவர் எழுதிய எல்லா ப்ரோக்ராமிலும் அந்த எண்தான். தூக்கத்தில் தட்டிக் கேட்டாலும் சொல்வார். மற்றபடி அவர் எதற்கும் குறிப்பு எழுத மாட்டார். கேட்டால், "இது ஓடுது மச்சான், ஏன் ஓடுதுன்னு கேக்காத, வெக்கப்படும்" என்பார்.

இதையெல்லாம் நிவேதாவுக்குச் சொன்னதிலிருந்துதான் அவள் 'நாப்பத்தாறு நீங்கதானே, அங்கிள்? ஏன் இங்க வந்து நிக்கிறீங்க?' என்று கேட்க ஆரம்பித்தாள். புதிய நடையில் எண் கிடையாது, கட்டமும் கிடையாது. இருக்கிற ஒவ்வொரு எண்ணுக்கும் நாங்கள் ஒரு பெயர் வைக்க வேண்டும். தினம் காலையில் உட்கார்ந்து பெயர் வைத்துக்கொண்டிருந்தோம். இருபது பிள்ளைக்கு ஒரே நாளில் பெயர் சூட்டுகிற வீடு போல இருந்தது.

3

கட்டத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது.

இங்கே வந்த புதிதில் எந்தப் படிவத்தைக் கொடுத்தாலும் அதில் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம் இருக்கும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? காலியாக விட்டேன். கவுன்ட்டரில் இருந்த சீனப் பெண்மணி, "நோ, நோ, மஸ்ட் ஃபில்" என்று தாளைத் திருப்பித் தள்ளினார். அப்பா பெயரை எழுதினேன். அவ்வளவுதான், அன்றிலிருந்து நான் மிஸ்டர் ராமலிங்கம். வங்கிக் கடிதம் ராமலிங்கத்துக்கு வருகிறது. மருத்துவமனையில் ராமலிங்கத்தைக் கூப்பிடுகிறார்கள். அப்பா காலமாகிப் பல வருடம் ஆகிறது. ஆனாலும் இந்த ஊரில் யாராவது ஒருவர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் எழுந்து போகிறேன். முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது கூப்பிட்டதும் ஒரு விநாடி தாமதித்தே எழுகிறேன், இன்னொரு முறை கூப்பிடட்டும் என்று.

ஊருக்குப் போனால் வேறு கதை. போன முறை திருச்சி வங்கியில் ஒரு படிவத்தை நீட்டி, "சார், இதுல சாப் போடணுமா?" என்று கேட்டுவிட்டேன். இங்கே ரப்பர் முத்திரைக்குச் சாப் என்றுதான் பேர். மலாயிலிருந்து வந்து எங்கள் எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்டது. அந்த மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் சமாளித்து, "முத்திரை, முத்திரை" என்று சொல்லிவிட்டு, கடைசியில் சிங்கப்பூர்ப் பழக்கத்தில் "ஓகே லா" என்று வேறு சேர்த்துவிட்டேன். பக்கத்தில் நின்ற என் அக்கா மகன், "மாமா மெனக்கெட்டு ஃபாரின் காட்டுறாரு" என்றான்.

என் மகள் கயல்விழிக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. இங்கே பிறந்தாள், பள்ளியில் தமிழில் நல்ல மதிப்பெண் எடுத்தாள், மேடையில் செந்தமிழில் பேசிக் கோப்பை வாங்கினாள். மேடையை விட்டு இறங்கியதும் ஆங்கிலம். இப்போது மெல்பர்னில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவாள். எழுபத்தேழைப் பற்றி அவளிடம் சொன்னேன்.

"அப்பா, அது வெறும் ஒரு ஃப்ளாக், ஒரு சுவிட்ச். ஏன் ஏதோ ஆளு காணாமப் போன மாதிரி பேசுறீங்க?"

"எழுதுன ஆளு இருக்காரும்மா. சாதிக் மாமா."

"எந்த சாதிக் மாமா?"

சனிக்கிழமைகளில் அவள் என்னோடு அலுவலகத்துக்கு வந்தால் தோளில் ஏற்றிக்கொண்டு கிடங்கு முழுக்கச் சுற்றிக் காட்டியவர். அவர் கொடுக்கும் பேரீச்சம்பழத்துக்காக என் கையை உதறிவிட்டு ஓடுவாள். சொன்னேன். "ஓ" என்றாள். பிறகு, "டேட்ஸ் ஞாபகம் இருக்கு" என்றாள்.

அதற்குமேல் அவளை என்ன சொல்வது? சாதிக் பாய் ஓய்வு பெற்றுப் போனபிறகு நானே அவரை எத்தனை முறை போய்ப் பார்த்தேன்? அவர் மனைவி இறந்தபோது போனேன். அதன்பிறகு போனில் வெள்ளிக்கிழமை வாழ்த்துப் படம் அவர் அனுப்புவார், தீபாவளிப் படம் நான் அனுப்புவேன். இரண்டு பக்கமும் கட்டைவிரல். பத்மாக்கா மகனோடு கனடாவுக்குப் போய்விட்டார். அவரிடமிருந்து கட்டைவிரல்கூட இல்லை.

4

சாதிக் பாய்க்குப் போன் போட்டேன். படம் இல்லாமல் குரலாக நான் வந்ததில் பதறிவிட்டார்.

"மச்சான்! என்னடா, யாரும் மௌத்தா?"

"இல்ல பாய். எழுபத்தேழு."

"என்னது?"

"எழுபத்தேழு எதுக்குன்னு தெரியணும். நேர்ல வரட்டுமா?"

அந்தப் பக்கம் டி.வி. சத்தத்தைக் குறைத்தார். பிறகு சொன்னார்: "வா வா. நான் எங்க போகப் போறேன்."

நான் இருப்பது கிளமெண்டியில், அவர் மார்சிலிங்கில். ரயிலில் ஒரே ஒரு முறை பச்சைப் பாதையிலிருந்து சிவப்புப் பாதைக்கு மாறினால் போதும். ஊரில் திருச்சியிலிருந்து லால்குடி போவது போல. இவ்வளவுதானா தூரம் என்று வண்டியில் உட்கார்ந்திருக்கும்போது என்னமோ போல் இருந்தது. கிராஞ்சி தாண்டி வலப்பக்கம் பச்சையாக விரியும்போதே கீழே இறங்கத் தயாராகிக் கதவருகில் போய் நின்றுகொண்டேன்.

அவர் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தார். தாடி முழுக்க வெள்ளை. மேசையில் எனக்கும் சேர்த்துக் கண்ணாடி டம்ளர் வைத்திருந்தார்.

"எனக்கு தே ஓ கோசோங். வெறும் டீத்தண்ணி. சீனி இல்ல, பால் இல்ல, ஒண்ணும் இல்ல. டாக்டரு எல்லாத்தையும் கட் பண்ணிட்டான். ஒனக்கு இன்னும் சீனி உண்டா?"

"உண்டு பாய்."

"அப்ப ஒனக்கு ரெண்டு பேருக்கும் சேத்துப் போடச் சொல்றேன்."

அச்சடித்துக் கொண்டுபோயிருந்த தாளை நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளை மூக்கருகே பிடித்துப் படித்தார். விரல் தானாகவே கட்டம் கட்டமாக நகர்ந்தது.

"எந்த மடையன் இத எழுதுனது?"

"நீங்கதான் பாய்."

"நானா? சான்ஸே இல்ல லா. நான் எழுதுனா இவ்ளோ அசிங்கமாவா இருக்கும்?"

"எழுபத்தேழு உங்க வளவு."

"அத எனக்குக் குடுத்ததே பத்மாக்காவோட சதி." சிரித்தார். மறுபடி படித்தார். சிரிப்பு அடங்கியது. "டி.ஓ. அடிக்கிற ப்ரோக்ராம். ஒரு கஸ்டமருக்கு மட்டும் எழுபத்தேழு ஆன் ஆவுது. அது ஆன் ஆனா ஒரு பேப்பர் ரெண்டாப் பிரியுது. அரிசி, எண்ணெ ஒண்ணுல. பருப்பு, மசாலா இன்னொண்ணுல. இத எதுக்குடா செஞ்சேன்?"

டி.ஓ. என்பது லாரியோடு போகிற சரக்குச் சீட்டு. கடைக்காரர் சரக்கை எண்ணிப் பார்த்து, கையெழுத்தும் சாப்பும் போட்டு ஒரு பிரதியைத் திருப்பிக் கொடுப்பார். எல்லாக் கடைக்கும் ஒரு சீட்டு. இந்த ஒரு கடைக்கு மட்டும் இரண்டு. லாரிப் பிரிவில் கேட்டபோது, "கம்ப்யூட்டர் அப்படித்தான் அடிக்குது அண்ணே, நாங்க என்ன கண்டோம்" என்றார்கள்.

"ஞாபகம் இல்ல மச்சான்" என்றார் சாதிக் பாய். குரல் இறங்கிவிட்டது. "இப்பல்லாம் அப்படித்தான். சமையக்கட்டுக்குப் போவேன், எதுக்குப் போனேன்னு நிப்பேன். அவ இருந்தா சொல்லுவா."

நான் அவசரமாகக் கடையின் பெயரைச் சொன்னேன். தேக்காவில் இருக்கிற பழைய மளிகைக் கடை, கணக்கு இன்னும் செத்துப்போன பெரியவர் பெயரில்தான் இருக்கிறது என்றேன்.

டம்ளரை வைத்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"யா அல்லா! கிழிச்ச கடை!"

5

அவர் சொன்னதை அவர் வாயாலேயே கேளுங்கள்.

"நீ கல்யாணம் பண்ண ஊருக்குப் போயிருந்த மாசம்டா அது. அதான் ஒனக்குத் தெரியல. அந்தக் கடைப் பெரியவரு மண்டையப் போட்டாரா, அப்பா போட்டோவ எந்தச் சுவத்துல மாட்டுறதுன்னு அண்ணனுக்கும் தம்பிக்கும் சண்டை. அண்ணன் கோவிந்தன் எடது சுவருங்கிறாரு, தம்பி தங்கராசு வலது சுவருங்கிறாரு. அதுலேர்ந்து பேச்சே இல்ல. கடைக்கு நடுவுல கோணி மூட்டைய வரிசையா அடுக்கி எல்ல கட்டிட்டாங்க. அரிசியும் எண்ணெயும் அந்தப் பக்கம் அண்ணன். பருப்பும் மசாலாவும் இந்தப் பக்கம் தம்பி. ஒரு வீட்டுக்காரம்மா சாம்பாருக்குச் சாமான் வாங்கணும்னா ரெண்டு நாட்டுக்குப் போய்ட்டு வரணும்.

"கணக்கு அப்பா பேருல. அதுனால டி.ஓ. ஒண்ணுதான். யாரு கையெழுத்துப் போடுறது? லாரி வெளிய நிக்கிது, ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிட்டு நிக்கிறாங்க. மொதலாளி என்னப் போய் என்னான்னு பாரு சாதிக்குன்னு அனுப்புனாரு. நான் டி.ஓ.வ நீட்டுறேன், அண்ணன் மேல புடிக்கிறாரு, தம்பி கீழ புடிக்கிறாரு. சர்ருனு கிழிஞ்சுது. 'மேல உள்ளது என்னோடது, கீழ உள்ளது அவனோடது, போய்ச் சொல்லு'ங்கிறாரு அண்ணன். ரெண்டு துண்டையும் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு ஆபீசுக்கு வந்தேன். அன்னிக்கே எழுதிட்டேன். எழுபத்தேழு ஏன்னா, ஒரே கீய ரெண்டு தடவ தட்டுனா போதும், அவ்ளோ கடுப்பு எனக்கு."

"குறிப்பு எழுதியிருக்கலாமே பாய்."

"என்னன்னு எழுதுவேன்? 'இவனுங்க ரெண்டு பேரும் லூசு'ன்னா?"

விளக்கம் கிடைத்துவிட்டது. அதோடு நான் கிளம்பியிருக்கலாம். ஆனால் ஒரு சந்தேகம்: அண்ணன் தம்பி இன்னும் பேசிக்கொள்ளவில்லையா? இப்போதும் தேவைப்படுகிற காரணம்தானா என்று நிர்வாகம் கேட்கும். வியாழக்கிழமை அந்தக் கடைக்கு லாரி போகிற நாள்.

"நீங்களும் வாங்க பாய்."

"நான் எதுக்குடா? ரிட்டையர் ஆன ஆளு."

"உங்க எழுபத்தேழு."

தாடியைத் தடவினார். "சட்ட அயர்ன் பண்ணணும்" என்றார்.

6

தேக்காவில் வியாழக்கிழமை காலை ஓரளவு நடக்கலாம். ஞாயிறு என்றால் தோள் உரசாமல் ஒரு அடி வைக்க முடியாது. பூக்கடை ஈரத்தைத் தாண்டி, இரண்டு இடத்தில் யாரோ சாதிக் பாயை நிறுத்தி சலாம் சொல்ல, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எங்கள் லாரி சரக்கை இறக்கிவிட்டு, சீட்டுக்காகத் தெருமுனையில் காத்து நின்றது.

கடைக்கு நடுவில் மூட்டை வரிசை இல்லை. அப்பா படம் இடது சுவரிலும் இல்லை, வலது சுவரிலும் இல்லை. உள்ளே நேர் எதிரே, சாமி படங்களுக்குப் பக்கத்தில் இருந்தது. அதன் கீழே கோவிந்தன் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், நெஞ்சில் ஆபரேஷன் தழும்பு சட்டைப் பித்தானுக்கு மேலே தெரிந்தது. முன்னால் ஸ்டூலில் தங்கராசு, இரண்டு டி.ஓ.வையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஓரம் தட்டி நேராக்கிக்கொண்டிருந்தார்.

"அரிசி இருபத்தஞ்சு கிலோ பத்து" என்று படித்தார் தம்பி.

"வந்துருச்சு" என்றார் அண்ணன்.

"கடல எண்ணெ நாலு டின்னு."

"ஒரு டின்னு நசுங்கியிருக்குன்னு எழுது."

"நசுங்குனது உங்க கண்ணு. டின்னு நல்லாத்தான் இருக்கு."

படித்து முடித்து, இரண்டு தாளையும் சேர்த்து ஸ்டேப்ளரால் அடித்து, இரண்டிலும் சாப் வைத்தார். சாதிக் பாய் என் முழங்கையைக் கிள்ளினார்.

நான் கம்பெனியிலிருந்து வருவதாகச் சொல்லி, சாதிக் பாயை அறிமுகப்படுத்தினேன். கோவிந்தன் அண்ணன் கூர்ந்து பார்த்தார்.

"நீங்க அந்தக் கிழிஞ்ச டி.ஓ. பாய் இல்ல?"

"நீங்கதான் கிழிச்சிய. நான் சும்மா தூக்கிட்டுப் போனேன்."

கடை முழுக்கச் சிரிப்பு. தங்கராசு எழுந்து, "இருங்க, டீ வாங்கிட்டு வாரேன், அண்ணனுக்கு மட்டும் சீனி கம்மி" என்று வெளியே போனார்.

அண்ணனிடம் கேட்டேன்: "எப்பலேர்ந்து இப்படி ஒண்ணா?"

"எனக்கு நெஞ்சு ஆபரேஷன் ஆச்சுல்ல, அப்ப அவன்தான் ரெண்டு பக்கமும் பாத்தான். ஒத்த ஆளு மூட்டையத் தாண்டித் தாண்டி எப்படி யாவாரம் பாக்குறது? அவனே எடுத்துட்டான்."

"அப்பறம் ஏன் இன்னும் ரெண்டு டி.ஓ.? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நிறுத்தியிருப்போமே."

"கம்பெனி கம்ப்யூட்டர் அப்படித்தான் அடிக்குதுன்னு லாரிப் பசங்க சொன்னாங்க. உங்களுக்கு ஏதோ கணக்கு இருக்கும்னு விட்டுட்டோம். நாங்க போய் உங்க சிஸ்டத்தக் குத்தம் சொல்றதா?"

சாதிக் பாய் என்னைப் பார்த்தார், நான் சாதிக் பாயைப் பார்த்தேன். அவர்களுக்காக நாங்கள் செய்ததை, எங்களுக்காக அவர்கள் பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், இத்தனை வருடமாக, மரியாதையாக.

"இப்ப எல்லாத்தையும் புதுசா மாத்துறோம் அண்ணே" என்றேன். "அடுத்த மாசத்துலேர்ந்து ஒரே சீட்டா வரும். ஸ்டேப்ளர் தேவையில்ல."

நல்ல செய்தி சொன்னதாகத்தான் நினைத்தேன். கோவிந்தன் அண்ணன் வாசலைப் பார்த்தார். தம்பி தெருவுக்கு அந்தப் பக்கம் டீக்கடை வரிசையில் நிற்பது தெரிந்தது.

"வேண்டாம் தம்பி" என்றார் மெல்ல. "ரெண்டாவே வரட்டும்."

"ஏன் அண்ணே?"

"அவன் இப்ப பிடோக்குல மகன் வீட்டுல இருக்கான். கடைய நானும் என் மருமகனும் பாத்துக்குறோம். அவன் வரணும்னு ஒண்ணும் இல்ல. வியாழக்கெழம மட்டும் வர்றான், 'ரெண்டு டி.ஓ. இருக்குல்ல, உங்களுக்குக் கண்ணு தெரியாது, நான் வந்து பாக்குறேன்'னு. ஒரே டி.ஓ.ன்னா மருமகனே பாத்துருவான்." ஸ்டேப்ளரைத் தம்பியின் ஸ்டூல் பக்கம் நகர்த்திவைத்தார். "அவனா சும்மா வரமாட்டான். நானும் வாடான்னு கூப்பிடமாட்டேன். எங்க ரெண்டு பேருக்குமே அது வராது."

தங்கராசு ஒரு பிளாஸ்டிக் பையில் டீயோடு உள்ளே வந்தார். "என்ன, என்னப் பத்திக் கோள் மூட்டிக்கிட்டு இருக்காரா?"

"ஒன் கண்ணப் பத்தித்தான் பேசிக்கிட்டு இருந்தோம்" என்றார் அண்ணன்.

7

மறுநாள் நிவேதாவிடம் முழுக்கதையையும் சொன்னேன். கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள்.

"சோ, எழுபத்தேழு ஸ்டே பண்ணணும்."

"ஸ்டே பண்ணணும்."

"பேரு என்ன வெக்கிறது? 'சண்டை'யா?"

"அது பழைய பேரு."

யோசித்து, ஆங்கில எழுத்தில் 'அண்ணன்தம்பி' என்று தட்டினாள். அந்த வரிக்குமேல் விளக்கம் எழுத வேண்டிய இடத்தில் என்ன எழுதுவது என்று இருவரும் வெகுநேரம் பேசினோம். கடைசியில், 'கடைக்காரர் கேட்டபடி இரண்டு சீட்டு' என்று மட்டும் எழுதினோம். நிர்வாகத்தின் கூட்டத்தில் மேலாளர் அதைச் சுட்டிக்காட்டிக் கேட்டபோது, அவள் முதுகை நிமிர்த்தி, "கஸ்டமர் ரிக்வயர்மென்ட், கன்ஃபர்ம்ட் ஆன் சைட்" என்றாள். "ஓ, கஸ்டமர் வான்ட்ஸ் ஆ? தென் கீப் லா" என்று மேலாளர் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

மாத இறுதிக்கு முன்பே பழைய காகிதத்தையும் புதிய காகிதத்தையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்துவிட்டோம். ஒரு எழுத்து பிசகவில்லை. ஆயத்த மென்பொருள்காரர்களுக்கு நன்றி சொல்லிக் கடிதம் போனது. நிவேதா கிடங்குக்கே கறிபஃப் வாங்கிக் கொடுத்தாள். நான் பழைய திரையை ஒருமுறை திறந்து, பச்சை எழுத்தில் அந்த எழுபத்தேழைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடினேன்.

கயல்விழிக்கு ஞாயிற்றுக்கிழமை இதைச் சொன்னபோது, "அந்தப் பெரியவரு அப்படியா சொன்னாரு?" என்று இரண்டு முறை கேட்டாள். பிறகு, "அப்பா, சாதிக் மாமா நம்பர் அனுப்புங்க" என்றாள். அவள் கூப்பிட்டாளா என்று நான் கேட்கவில்லை.

ஆனால் செவ்வாய்க்கிழமை சாதிக் பாய் எனக்கு போன் போட்டார். படம் இல்லை, கட்டைவிரல் இல்லை, குரல்.

"மச்சான், வேலையெல்லாம் முடிஞ்சிருச்சா?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு பாய்."

"அதான் கேட்டேன். நம்ம எழுபத்திரெண்டு இருக்குல்ல. அது எதுக்கு வெச்சேன்னு ரெண்டு நாளா மண்டைய ஒடைச்சிக்கிட்டு இருக்கேன். ஞாபகமே வரல. ஒனக்குத் தெரியுமா?"

ஜன்னல் வழியே கீழே லாரியில் துவரை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கும் சரியாத் தெரியல பாய்" என்றேன். "தாளக் கொண்டுவந்து நேர்ல பாத்தாதான் ஆகும். வியாழக்கெழம வரட்டுமா?"

"வா வா. ஒனக்குச் சீனி போட்டு வெக்கச் சொல்றேன்."

அடுத்த தாளுக்குப் போகச் சொல்லும் அந்த எண்ணுக்கு நிவேதா முதல் வாரமே பெயர் வைத்துவிட்டாள் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.